மாடிக் கட்டடங்களின் புகைக் கணக்கு எங்கே?

இந்நாட்டிலே கணக்குக் கேட்கப்படாத கமக்காரன் எவனாவது உண்டா? எத்தனை ஏக்கர் விதைத்தாய், எத்தனை அந்தர் உரம் இட்டாய், எத்தனை மூடை அறுத்தாய் என்று கமநல சேவை நிலையத்தின் பதிவேடு அவனைக் கேட்கிறது. உர மானியம் பெற அவன் காணியின் அளவைக் காட்ட வேண்டும். நட்டஈடு பெற அழிந்த பயிரின் அளவைக் காட்ட வேண்டும். காட்டுகிறான். கணக்குக் காட்டுவது அவனுக்கு இழிவன்று.

ஆனால் கொழும்பு மாநகரிலே வானைத் தொட்டு நிற்கும் ஒரு மாடிக் கட்டடத்தை நோக்கி, 'நீ சென்ற ஆண்டில் எத்தனை அலகு மின்சாரம் செலவிட்டாய்? உன் மின்பிறப்பாக்கி எத்தனை லீற்றர் டீசலை எரித்தது? அவற்றால் எத்தனை தொன் காபனீரொட்சைட்டு வானிற் கலந்தது?' என்று கேட்டு, அதன் விடையை ஊரறிய வெளியிட ஆட்சியாளர் எவரேனும் இதுவரை துணிந்தனரா? துணியவில்லை. ஏழையின் குடிசைக்கு ஒரு நியாயம், செல்வரின் கோபுரத்துக்கு வேறொரு நியாயம் என்பதே இதுகாறும் நடந்துவரும் முறை. இம்முறையை நாம் எதிர்க்கிறோம்.

பசுமைக் கொள்கை என்ற பெயரால் கமக்காரன்மீது சுமத்தப்பட்டதை மறந்துவிட்டோமா? 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒரே ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது. மண்ணைக் காக்கவும் மக்களின் உடல்நலத்தைப் பேணவும் என்று காரணம் கூறப்பட்டது. நவம்பர் மாதத்தில் அத்தடை கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள் காலபோக விதைப்புத் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்தின் விளைச்சல் எவ்வளவு வீழ்ந்தது என்பதை வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயலில் நின்றவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு, 2022 ஓகஸ்ட் மாதத்தில், லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவாயிற்று. தோட்டத்துக்கு நீர் இறைப்பவனும் கடலுக்குப் படகு செலுத்துபவனும் அதைத் தாங்கினர். அதே மாதத்தில் மின்கட்டணமும் சராசரியாக 75 வீதத்தால் உயர்ந்தது.

நாட்டின் நன்மைக்காகத் தியாகம் செய் என்று கமக்காரனுக்குக் கட்டளை பிறந்தபோது ஓர் இரவு கூட அவகாசம் தரப்படவில்லை. மாநகரின் வர்த்தக நிறுவனங்களிடமோ தியாகத்தைக் கூட வேண்டாம், கணக்கை மட்டும் காட்டுங்கள் என்று கேட்கவும் நா எழவில்லை. இதுவா சமநீதி?

கணக்கெடுப்பது என்ன, பெரிய மந்திர வித்தையா? அன்று. வர்த்தகத் துறை என்று நாம் கூறுவது காரியாலயங்கள், வங்கிகள், கடைத்தொகுதிகள், உல்லாச விடுதிகள், தனியார் வைத்தியசாலைகள், குளிர்சாதனக் களஞ்சியங்கள் ஆகியவற்றையாகும். ஆலைகளைப்போல் இவை புகைபோக்கி வைத்துக் கரும்புகை கக்குவதில்லை. அதனாலேயே இவை தூய்மையானவை என்ற மயக்கம் நிலவுகிறது. இவற்றின் காபனீரொட்சைட்டு இரு வழிகளில் வெளிப்படுகிறது. ஒன்று, கட்டடத்தின் உள்ளேயே எரியும் எரிபொருள்: மின்பிறப்பாக்கியின் டீசலும் சமையற்கூடத்தின் வாயுவும். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டு உண்டாகிறது. மற்றது, கம்பி வழியாக வரும் மின்சாரம். ஓரலகு மின்சாரத்தை நிலக்கரியால் உண்டாக்கினால் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டு வானேறும். நீர்வீழ்ச்சியால் உண்டாக்கினால் மிகச் சொற்பமே. இரண்டும் கலந்து வருவதால், நாட்டின் மின்சாரம் முழுவதற்கும் ஒரு சராசரிக் குணகம் வகுக்கப்படுகிறது. அலகுகளின் தொகையை அக்குணகத்தாற் பெருக்கினால் விடை கிடைக்கும். பெருக்கல் தெரிந்த பள்ளிச் சிறுவனுக்கும் இயலும் கணக்கு இது.

உதாரணமாக, மாதம் ஓர் இலட்சம் அலகு செலவிடும் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். குணகம் அலகுக்கு அரைக் கிலோகிராம் எனக் கொண்டால், மாதம் 50 தொன். ஆண்டுக்கு 600 தொன். இலங்கையில் ஒரு மனிதனுக்குச் சராசரியாக ஓராண்டிற் சேரும் காபனீரொட்சைட்டு ஒரு தொன்னை அண்டியதே. ஆகவே, அந்த ஒரு கட்டடம் அறுநூறு பேர் வாழும் ஒரு கிராமத்துக்குச் சமம்! மறுபுறத்தில், ஒரு போகத்துக்கு 200 லீற்றர் மண்ணெண்ணெய் எரித்து நீர் இறைக்கும் தோட்டக்காரன் வெளியிடுவது அரைத் தொன் மட்டுமே. அவன் மண்ணெண்ணெய் எரிப்பதை ஊரே காண்கிறது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நடப்பதை எவர் காண்கிறார்?

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சிலர் முணுமுணுப்பர். அவர்கள் யப்பானின் தலைநகரைப் பார்க்கட்டும். டோக்கியோ மாநகர ஆட்சி 2002 ஆம் ஆண்டிலேயே பெரிய கட்டடங்களும் ஆலைகளும் தம் வெளியேற்றத்தை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும் என விதித்தது. எவ்வளவு குறைப்பது என்பதை அவர்களின் விருப்பத்துக்கு விட்டது. 2005 இல் அவர்கள் கொடுத்த திட்டங்களை மதிப்பிட்டுத் தரமிட்டு வெளியிடத் தொடங்கிற்று. விருப்பத்துக்கு விட்டதால் விளைந்த பயன் போதாது என்பதைத் தன் கையிலிருந்த கணக்கைக் கொண்டே அது கண்டறிந்தது. 2008 இல் மாநகர மன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2010 ஏப்ரல் முதல் குறைப்புக் கட்டாயமாயிற்று. நகரொன்றின் காரியாலயங்களையும் வர்த்தகக் கட்டடங்களையும் இவ்வாறு எல்லைக்கு உட்படுத்திய திட்டம் உலகில் அதற்கு முன்னர் இருந்ததில்லை.

ஆண்டுக்கு 1,500 கிலோலீற்றர் மசகெண்ணெய்க்கு ஈடான வலுவைச் செலவிடும் நிலையங்கள் மட்டுமே அச்சட்டத்துள் வந்தன. அவற்றின் தொகை ஆயிரத்துச் சில நூறுதான். ஆயினும் டோக்கியோவின் வர்த்தக, கைத்தொழில் துறைகளின் வெளியேற்றத்தில் ஏறத்தாழ 40 வீதம் அவற்றிலிருந்தே எழுந்தது. பல இலட்சம் சிறு கடைக்காரரைத் தொந்தரவு செய்யாமலே பெரும் பங்கினரைப் பிடித்துவிட்டது அந்த மாநகரம். பெரியவனை விட்டுவிட்டுச் சிறியவனைத் துரத்துவதே ஆட்சி என்று பழகிப்போன நம்மவர்க்கு இது புதுமையாகத் தோன்றலாம்.

அக்கணக்கில் ஏமாற்றுக்கு இடமின்றிச் செய்த ஏற்பாடுகளைக் கவனியுங்கள். ஒவ்வோர் அறிக்கையையும் பதிவுபெற்ற வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும். 2002 முதல் 2007 வரையான காலத்தில் அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் சராசரியே தொடக்க அளவு. ஆதலால் ஒரு தாழ்ந்த ஆண்டையோ உயர்ந்த ஆண்டையோ தனியே தெரிந்தெடுத்து ஏய்க்க முடியாது. மின்சாரத்தின் குணகம் ஒவ்வொரு காலகட்டத்துக்கும் மாறாமல் நிறுத்தப்பட்டது. மின்நிலையம் எரிபொருளை மாற்றியதால் வந்த புகழைக் கட்டடத்துக்காரர் தமதென்று கொண்டாட வழியில்லாமற் போயிற்று. பெரிய இடத்தை வாடகைக்குப் பிடித்திருப்பவரும் தம் பங்குக்குத் திட்டம் கொடுக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. உரியதைச் செய்யாதவர் குறைபாட்டின் 1.3 மடங்கை ஈடுசெய்ய வேண்டும். தவறினால் தண்டமும் உண்டு, பெயரும் பகிரங்கப்படுத்தப்படும்.

விளைவு யாது? முதற் காலகட்டத்தின் முடிவாகிய 2014 நிதியாண்டில் வெளியேற்றம் தொடக்க அளவிலிருந்து 25 வீதம் குறைந்திருந்தது. சட்டம் கேட்டதோ 6 அல்லது 8 வீதம் மட்டுமே. 2011 இன் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த மின்பஞ்சமும் இதற்குத் துணைபுரிந்தன என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பஞ்சம் தீர்ந்த பின்னரும் பழைய ஊதாரித்தனம் திரும்பவில்லை. ஏனெனில், எந்த மாடியில் எந்த விளக்கு வீணே எரிகிறது என்பதை அதற்குள் அவர்கள் அறிந்திருந்தனர். 2025 முதல் 2029 வரையான காலகட்டத்துக்கு 50 அல்லது 48 வீதக் குறைப்பு விதிக்கப்பட்டிருக்கிறது. டோக்கியோவின் வர்த்தகம் இதனால் மண்ணோடு மண்ணாகப் போய்விடவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் நகரமோ மற்றொரு வழியிற் சென்றது. 2009 ஆம் ஆண்டின் 84 ஆம் இலக்க உள்ளூர்ச் சட்டத்தின்படி, 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் தம் மின்சாரம், எரிபொருள், நீர் ஆகியவற்றின் செலவை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டியனவாயின. பின்னர் அந்த எல்லை 25,000 சதுர அடியாகக் குறைக்கப்பட்டது. அறிவித்தவை அரசாங்க அலுமாரியிற் பூட்டி வைக்கப்படவில்லை. கட்டடத்தின் முகவரியோடு எவரும் பார்க்கத்தக்கதாக வெளியிடப்பட்டன. 2020 முதல் பெரிய கட்டடங்கள் தாம் பெற்ற தரத்தை ஓர் எழுத்தாக வாயிலிலே தொங்கவிட வேண்டும் என்றாயிற்று. பள்ளிப் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கைபோல் கோடீசுவரனின் கோபுரமும் தன் புள்ளியை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது! 2019 ஆம் ஆண்டின் 97 ஆம் இலக்கச் சட்டம் 2024 முதல் வெளியேற்றத்துக்கு எல்லை வகுத்தது. எல்லை கடந்தால் தொன்னுக்கு 268 டொலர் தண்டம்.

இவ்விரு நகரங்களும் நமக்குக் காட்டும் பாடம் ஒன்றே. முதலில் கணக்கு வந்தது. பின்னரே சட்டம் வந்தது. கணக்கும் 'வர்த்தகத் துறை' என்ற ஒரே மொத்தத் தொகையாக வரவில்லை. கட்டடம் கட்டடமாக, பெயர் பெயராக வந்தது. மொத்தத் தொகை எவரையும் குற்றஞ்சாட்டாது. எவரையும் பாராட்டவும் மாட்டாது. சிக்கனமாக நடப்பவனும் ஊதாரியும் அதற்குள் ஒரே போர்வையின்கீழ் உறங்குவர்.

இனி, நம் நாட்டில் எழும் மறுப்புகளைப் பார்ப்போம்.

'நாம் வறிய நாட்டினர். உலகச் சராசரி ஆளுக்கு நான்கரைத் தொன்னுக்கு மேல். நம்முடையதோ ஒரு தொன் அளவே. நமக்கு ஏன் இந்தக் கணக்கு?' என்பது முதல் மறுப்பு. நல்லது. அந்த ஒரு தொன் எப்படி வந்தது? மின்விசிறி ஒன்றும் விளக்கு நான்குமாக வாழும் கிளிநொச்சிக் குடும்பமும் மலையகத்து லயன் அறையும் சேர்ந்தல்லவா அந்தச் சராசரியைத் தாழ்த்தி வைத்திருக்கின்றன? ஏழையின் வறுமையை நிழலாக்கி அதன்கீழ் ஒளிந்துகொண்டு, 'நாட்டின் வெளியேற்றம் குறைவு' என்று கோபுரம் பேசுவதை எப்படி ஏற்பது? குறைவு என்பது கமக்காரனுடைய குறைவு. அதைக் கடன்வாங்கிப் பெருமை பேச எவருக்கும் உரிமை இல்லை. செல்வ நாடுகள் தம் பெரும் பழியைத் தாமே சுமக்க வேண்டும் என்று நாமும் சொல்கிறோம். அந்த நியாயம் நாட்டுக்கு உள்ளேயும் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

'வியாபார இரகசியம் வெளிப்படும்' என்பது இரண்டாவது மறுப்பு. ஒரு விடுதி ஆண்டில் எத்தனை அலகு மின்சாரம் செலவிட்டது என்பதிலிருந்து அதன் எந்த இரகசியம் கசியும்? உலக வர்த்தகத்தின் பெரும் சந்தையாகிய நியூயோர்க்கில் கசியாத இரகசியம் கொழும்பில் மட்டும் கசியுமோ?

'செலவு அதிகம்' என்பது மூன்றாவது. மின்மானி ஒவ்வொரு கட்டடத்திலும் ஏற்கெனவே சுழல்கிறது. மாதந்தோறும் அதை வாசித்துச் சிட்டை அனுப்பப்படுகிறது. நம் மின்சாரக் கட்டணப் பட்டியல் நெடுங்காலமாகவே வீடு, கைத்தொழில், விடுதி, பொதுத் தேவை, அரசாங்கம் என வகை பிரித்தே கட்டணம் அறவிட்டு வந்திருக்கிறது. பணம் வாங்குவதற்காக வகை பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு, புகையை எண்ணுவதற்காக அதே ஏட்டைத் திறக்கத் தெரியாதா? சட்டமும் இல்லாமல் இல்லை. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் நிலைபெறுதகு வலு அதிகார சபையை அமைத்தது. வலு முகாமையாளர், வலுக் கணக்காய்வாளர், செலவுக்கான நியம அளவு ஆகியவற்றுக்கெல்லாம் அச்சட்டத்தில் இடமுண்டு. இல்லாதது துணிவு ஒன்றே.

தமிழ் மக்களாகிய நமக்கு இதில் என்ன அக்கறை என்று எவரேனும் வினவக்கூடும். மின்சாரம் எரியும் இடம் ஒன்று. அதன் புகையும் கழிவும் விழும் இடம் வேறொன்று. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் 2011 முதல் 2014 வரை மூன்று கட்டங்களாக எழுந்தது. நிலக்கரித் தூசியும் சாம்பலும் கற்பிட்டிக் கடலோரத்துத் தோட்டக்காரருக்கும் மீனவருக்கும். குளிரூட்டிய மண்டபம் தலைநகருக்கு. சுன்னாகத்திலே அனல் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது. குடிநீரை இழந்த மக்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. போரினால் 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் ஊர்ப்புறத்திலே 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் ஒன்று நிறுவத் திட்டம் தீட்டப்பட்டது. மக்கள் எதிர்த்தனர், வழக்கு நீதிமன்றம் சென்றது, 2016 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அன்று சம்பூரின் நிலத்தைக் கேட்டபோது, 'நாட்டின் மின்தேவை பெருகுகிறது' என்றனர். எவருடைய தேவை? எந்தக் கட்டடத்தின் தேவை? அதில் எத்தனை பங்கு மெய்யான தேவை, எத்தனை பங்கு ஆளில்லா அறையைக் குளிர்விக்கும் வீண்? இதற்கு விடைகூற அவர்களிடம் ஏடு இல்லை. ஏடு இல்லாமலே மக்களின் காணியைக் கேட்டார்கள். நாளை மற்றொரு மின்நிலையத்துக்காக மற்றோர் ஊரின் காணி கேட்கப்படும்போது, 'முதலில் கணக்கைக் காட்டு' என்று சொல்லும் வலிமை நமக்கு வேண்டும். கட்டடவாரியான கணக்கு அந்த வலிமையைத் தரும்.

மழைக்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் கமக்காரர் அறிய வேண்டும். 2016 ஆம் ஆண்டின் இறுதியில் மழை பொய்த்தது. 2017 இல் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அதே வறட்சி மலைநாட்டு நீர்த்தேக்கங்களையும் வற்றச் செய்தது. நீர் மின்சாரம் குறைந்தபோது நிலக்கரியும் எண்ணெயும் கூடுதலாக எரிந்தன. அதாவது, உன் வயல் காயும் அதே மாதத்தில் மாநகரின் ஒவ்வோர் அலகு மின்சாரமும் மேலும் கரியதாகிறது. அந்த ஒரு வறட்சியை ஒரு கட்டடத்தின் தலையிற் கட்டுவது அறிவீனம். நாம் அவ்வாறு சொல்லவில்லை. ஆனால் உலகெங்கும் சேரும் காபனீரொட்சைட்டே வெப்பத்தை உயர்த்துகிறது. வெப்பம் உயர உயர வறட்சியும் வெள்ளமும் கடுமையாகின்றன. அந்தச் சேர்மதியில் அவரவர் பங்கை அவரவர் எழுதிக் காட்டட்டும்.

ஆதலால் நாம் கேட்பவை நான்கு. ஒன்று: குறித்த அளவுக்கு மேல் மின்சாரம் செலவிடும் ஒவ்வொரு வர்த்தகக் கட்டடமும் தன் மின்சாரம், டீசல், வாயு ஆகியவற்றின் அளவை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும், சிறு கடைகளுக்கு விலக்கு இருக்கட்டும். இரண்டு: செலவிட்ட அலகும் வெளியிட்ட தொன்னும் இரு நிரல்களாகக் காட்டப்பட வேண்டும், மழை பெய்த ஆண்டில் வந்த நன்மையைக் கட்டடம் தன் திறமையெனக் காட்டக்கூடாது. மூன்று: அறிக்கையை வெளியார் சரிபார்க்க வேண்டும். நான்கு: கட்டடத்தின் பெயரோடும் பரப்பளவோடும் மும்மொழியிலும் அது வெளியிடப்பட வேண்டும். அரசாங்கக் கட்டடங்களே இதில் முதலிடம் பெறட்டும்.

இது கொழும்புக்கு மட்டும் உரிய விதியன்று. யாழ்ப்பாணத்திலும் விடுதிகளும் கடைத்தொகுதிகளும் மாடிமேல் மாடியாக எழுகின்றன. அவை நம்மவருடையவை என்பதற்காக நாம் கண்ணை மூடிக்கொள்வோமாயின் பிறரைக் கேட்கும் தகுதியை இழப்போம். யாழ் மாநகர சபை தன் சொந்தக் கட்டடங்களின் கணக்கை முதலில் எழுதி வாயிலில் ஒட்டட்டும். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

நம் பொறியியலாளரையும் கணக்காளரையும் நாம் தனியே அழைக்கிறோம். கொழும்பின் பெரிய நிறுவனங்களிலே இயந்திரங்களை இயக்குவோருள் நீங்கள் இருக்கிறீர்கள். ஏடுகளை எழுதுவோருள் நீங்கள் இருக்கிறீர்கள். மின்சிட்டை உங்கள் மேசையைக் கடந்தே செல்கிறது. பன்னிரண்டு மாதச் சிட்டைகளை வரிசையாக அடுக்கி ஒரு தாளில் எழுத எத்தனை நேரமாகும்? ஒரு மாலைப்பொழுது போதும். எழுதுங்கள், உங்கள் முதலாளியின் முன்னே வையுங்கள். வீண் எங்கே என்பதை அது காட்டும். முதலாளிக்கும் அதனால் இலாபமே. உங்கள் தந்தையார் வயல் விற்றும் தோட்டம் ஈடுவைத்தும் உங்களுக்குக் கல்வி தந்தார். அந்த வயலுக்கு நீங்கள் செலுத்த வேண்டிய கடனில் இதுவும் ஒரு பகுதி.

2022 மார்ச் மாத இறுதியிலே நாடு ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம் இருளில் கிடந்தது. அன்று எதை அணைப்பது, எதை எரியவிடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. எங்கே எவ்வளவு எரிகிறது, அதில் எவ்வளவு வீண் என்ற கணக்கு பொதுமக்களின் கையில் இருக்கவில்லை. மீண்டும் அத்தகைய நாள் வருமுன் அந்தக் கணக்கு எழுதப்பட வேண்டும். கமக்காரன் தன் ஏட்டைத் திறந்து வைத்துவிட்டான். இனி மாடிக் கட்டடம் திறக்கட்டும்.